மாப்பிள்ளையின் கலிபோர்னியா கேஸ் கட்டை நாம் பார்க்க முடியுமா?

கேள்வி: என் அக்கா மகளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு சான் ஹோசேவில் மென்பொருள் வேலை, எச்-1பி விசா. அவருக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் கல்யாணம் திருச்செங்கோட்டில் நடந்தது. 2021-இல் அமெரிக்காவிலேயே விவாகரத்து வாங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். தரகர் பேச்சோடு பேச்சாக, "அங்கே ஒரு சின்னப் போலீஸ் கேஸ் இருந்தது, டிஸ்மிஸ் ஆகிவிட்டது" என்றார். விசாரித்தால் மாப்பிள்ளை வீட்டில் தப்பாக நினைப்பார்களோ என்று அக்கா பயப்படுகிறாள். அமெரிக்காவில் கோர்ட் ரெக்கார்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிறார்களே, உண்மையா? ஆர்டிஐ மாதிரி மனு போட்டு வாங்க முடியுமா? பெயரைக் கொடுத்துப் பணம் கட்டினால் முழு ரிப்போர்ட் தருவதாக இணையத்தில் விளம்பரம் வருகிறது. அதை வாங்கலாமா?
- தாய்மாமன், நாமக்கல்

பதில்:

ஐயா,

பார்க்கலாம். கலிபோர்னியாவில் வழக்கு ஃபைல்கள் பொதுவாக யாரும் பார்க்கக்கூடியவை. நீங்கள் அந்த நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை, என்ன உறவு என்று நிரூபிக்க வேண்டியதில்லை, எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் "இவர் மேல் எந்த வழக்கும் இல்லை" என்று உங்களுக்கு ஒரே தாளில் எழுதிக் கொடுக்கும் அலுவலகம் எதுவும் அங்கே கிடையாது. எந்தக் கோர்ட், என்ன பெயர், எந்த வழக்கு என்று நீங்கள்தான் சொல்லிக் கேட்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் போலீஸ் கேஸ்தான் உங்களை உறுத்துகிறது என்று தெரிகிறது. நானாக இருந்தால் விவாகரத்துக் கட்டைத்தான் முதலில் எடுப்பேன்.

ஆர்டிஐ கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கலிபோர்னியாவில் அப்படி ஒரு சட்டம் உண்டு. நம் 2005 சட்டத்துக்கு வெகு முன்பே, 1968-இல் வந்தது. கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) காவல் தலைவரான ஷெரிஃப், அரசு வழக்கறிஞர் அலுவலகம், நகரப் போலீஸ் எல்லாம் அதில் அடங்கும். மனு கொடுத்தால் தர முடியுமா, முடியாதா என்று 10 நாளில் பதில் சொல்ல வேண்டும். சில காரணங்களுக்காக இன்னும் 14 நாள் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கோர்ட்டின் வழக்கு ஃபைல்கள் அந்தச் சட்டத்துக்குள் வராது. போலீஸிடம் கேட்டால் புலன்விசாரணைப் பதிவுகளுக்கு விலக்கு இருக்கிறது என்று பதில் வரும். ஆகவே மனு எழுதி நாளைக் கடத்த வேண்டாம். நேரே கோர்ட் கிளார்க் கவுண்டருக்குப் போவதுதான் வழி.

எந்தக் கோர்ட் என்பதில் நம்மவர்கள் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கலிபோர்னியாவில் 58 கவுண்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வழக்கு விசாரிக்கும் ஒரு சுப்பீரியர் கோர்ட், ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு. மாநிலம் முழுவதையும் பொதுமக்கள் ஒரே இடத்தில் தேடிப் பார்க்கும் வசதி இல்லை. சான் ஹோசே, சன்னிவேல், கூப்பர்டினோ, மில்பிடாஸ் எல்லாம் சாண்டா கிளாரா கவுண்டி. மில்பிடாஸைத் தாண்டி வடக்கே போனால் வரும் ஃப்ரீமான்ட் அலமீடா கவுண்டி. வீடு ஃப்ரீமான்டில், ஆபீஸ் சான் ஹோசேவில் என்று இருப்பவர்கள் ஏராளம். குற்ற வழக்கு பெரும்பாலும் சம்பவம் நடந்த கவுண்டியில் பதிவாகும். விவாகரத்து மனுவைக் கணவனோ மனைவியோ மூன்று மாதமாவது வசித்த கவுண்டியில் போட வேண்டும். அதனால் அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பதைவிட முதல் மனைவியோடு எங்கே குடித்தனம் இருந்தார் என்பதுதான் உங்களுக்குத் தேவை. இடையில் டெக்சாஸிலோ நியூ ஜெர்சியிலோ இருந்திருந்தால் அங்கே நடைமுறையே வேறு.

அடுத்தது பெயர். நம் பெயர்களுக்கும் அமெரிக்கக் கம்ப்யூட்டருக்கும் ஒத்தே போகாது. ஒரு பேச்சுக்கு, மாப்பிள்ளை பெயர் செந்தில்குமார், அப்பா பெயர் முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் முருகேசன் குடும்பப் பெயராக இருக்கலாம். அல்லது முழுப்பெயரும் ஒரே கட்டத்தில் விழுந்து, இன்னொரு கட்டம் காலியாக இருந்திருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கு 'எஃப்என்யூ' என்று மூன்றெழுத்து போடுவார்கள், அதுவே சில ஆவணங்களில் அவருடைய பெயராகவும் ஏறிவிடும். கைது செய்த போலீஸ்காரர் டிரைவிங் லைசென்ஸைப் பார்த்து எழுதியிருப்பார், விவாகரத்து மனுவை வக்கீல் ஆபீஸில் யாரோ தட்டச்சு செய்திருப்பார்கள். செந்தில், குமார் என இரண்டாகப் பிரிந்திருக்கலாம், முருகேசனில் ஒரு எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கலாம். ஆகவே பாஸ்போர்ட்டில் உள்ளபடி, லைசென்ஸில் உள்ளபடி, முன்பின்னாக மாற்றி என்று எல்லா விதமாகவும் தேட வேண்டும். முதல் மனைவியின் பெயரிலும் தேடுங்கள். விவாகரத்து வழக்கில் இரண்டு பேரும் கட்சிக்காரர்கள் என்பதால் அவர் பெயரிலும் அகப்படும்.

பிறந்த தேதியைக் கொடுத்துச் சலிக்கலாமே என்று தோன்றும். முடியாது. கோர்ட்டின் மின்னணுப் பட்டியலில் பிறந்த தேதி, லைசென்ஸ் எண் போன்றவை இருக்கக் கூடாது என்று மாநில விதி சொல்கிறது. அவற்றைக் கொடுத்துத் தேடும் வசதியும் கூடாது என்று ரிவர்சைடு கவுண்டி வழக்கு ஒன்றில் 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் கிடைத்த செந்தில்குமார் உங்கள் செந்தில்குமார்தானா என்பதை ஃபைலை வைத்துத்தான் உறுதி செய்ய வேண்டும். நீங்கள் கேட்ட இணைய ரிப்போர்ட்டுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அந்த நிறுவனங்கள் பெயர் ஒற்றுமையை வைத்துத்தான் பெரும்பாலும் ஒட்டவைக்கின்றன. ஒரே கவுண்டியில் நான்கு செந்தில்குமார்கள் இருந்தால் நான்கு பேர் வழக்கும் ஒருவர் தலையில் விழும். வாங்காதீர்கள்.

சரி, விவாகரத்துக் கட்டுக்கு வருவோம். சாண்டா கிளாரா கவுண்டியில் குடும்ப வழக்குகள் சான் ஹோசே நகர மையத்தில் வடக்கு முதல் தெருவில் உள்ள குடும்ப நீதி மையத்தில் நடக்கின்றன. குற்ற வழக்குகளுக்கு வெஸ்ட் ஹெடிங் தெருவில் ஹால் ஆஃப் ஜஸ்டிஸ். இரண்டும் வேறு வேறு கட்டிடம், வேறு வேறு கவுண்டர். வழக்குப் பட்டியலையும், என்றைக்கு என்ன தாக்கலானது என்ற குறிப்பையும் இணையத்தில் போட விதி இடம் கொடுக்கிறது. ஆனால் குடும்ப வழக்கு, குற்ற வழக்கு இரண்டிலும் உள்ளே இருக்கும் ஆவணங்களைப் பொதுமக்கள் கோர்ட்டுக்குப் போய்த்தான் பார்க்க முடியும். அந்தப் பக்கம் உங்களுக்கு ஒரு சொந்தக்காரப் பையனோ நண்பர் மகளோ இல்லாமலா இருப்பார்கள்? ஒரு வேலை நாளில் அனுப்பி வையுங்கள். பார்ப்பதற்குக் காசில்லை. நகல் பக்கத்துக்கு 50 சென்ட். வழக்கு எண் இல்லாமல் போய், கிளார்க் தேட 10 நிமிடத்துக்கு மேல் ஆனால் 15 டாலர். முத்திரையிட்ட சான்று நகல் விவாகரத்துத் தீர்ப்புக்கு 15 டாலர், மற்ற ஆவணங்களுக்கு 40 டாலர். போக ஆள் இல்லையென்றால், வழக்கு எண்ணும் கட்டணமும் பதில் உறையும் வைத்துத் தபாலில் கேட்கலாம்.

கட்டில் எதைப் பார்ப்பது? ஏன் பிரிந்தார்கள் என்று தேடினால் ஏமாற்றம்தான். கலிபோர்னியாவில் 1970 முதல் குற்றம் சாட்டாமலே விவாகரத்து வாங்கலாம். சரிசெய்ய முடியாத கருத்து வேறுபாடு என்று மனுவில் ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் போதும். கட்டிய மனைவியைக் கொடுமைப்படுத்தியவரும் அதே கட்டத்தைத்தான் டிக் அடிப்பார், பரஸ்பரம் பேசிப் பிரிந்தவர்களும் அதைத்தான் டிக் அடிப்பார்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது எஃப்எல்-180 என்ற தீர்ப்புப் படிவம். முதல் பக்கத்திலேயே திருமண நிலை முடிவுக்கு வரும் தேதி என்று ஒரு இடம் இருக்கும். அந்தத் தேதி கடந்திருந்தால்தான் அவர் கலிபோர்னியாவைப் பொறுத்தவரை மணமாகாதவர். மனு போட்டுவிட்டு, "டைவர்ஸ் ஆகிவிட்டது" என்று ஊரில் சொல்லித் திரிபவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனுவும் சம்மனும் எதிர்த்தரப்புக்குக் கொடுக்கப்பட்டு ஆறு மாதம் ஆகாமல் அங்கே திருமணம் முறியாது. அதே பக்கத்தில் இன்னொன்றும் இருக்கும்: எதிர்த்தரப்புக்குச் சம்மன் சேர்ப்பிக்கப்பட்டதா, அவராக முன்வந்து ஆஜரானாரா, வழக்கு ஒருதரப்பாகவோ எதிர்ப்பின்றியோ முடிந்ததா, போட்டியிட்டு முடிந்ததா என்று. அந்த வரிகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படியுங்கள்.

ஏனென்றால், முதல் கல்யாணம் திருச்செங்கோட்டில் இந்து முறைப்படி நடந்தது என்றால் அதை இந்து திருமணச் சட்டம் விடாது. நரசிம்ம ராவ் எதிர் வெங்கட லட்சுமி வழக்கில் 1991-இல் நம் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: வெளிநாட்டுக் கோர்ட் நம் திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காகத் தரும் விவாகரத்து இங்கே செல்லாது. எதிர்த்தரப்பு தானாக முன்வந்து அந்தக் கோர்ட்டில் முறைப்படி வழக்காடியிருந்தாலோ, விவாகரத்துக்குச் சம்மதித்திருந்தாலோ நிலைமை வேறு. கலிபோர்னியாவின் 'கருத்து வேறுபாடு' நம் சட்டத்தில் ஒரு காரணமே இல்லை. மனைவி ஊருக்குத் திரும்பி வந்த பிறகு கணவர் அங்கே மனு போட்டு, அவர் பதில் கொடுக்காமல், ஒருதரப்பாகத் தீர்ப்பு வாங்கியிருந்தால், கலிபோர்னியாவில் அவர் தனி ஆள், நாமக்கல்லில் இன்னும் ஒருத்தியின் கணவர். அந்த நிலையில் உங்கள் அக்கா மகளின் கல்யாணம் இங்கே செல்லாமல் போகலாம். அவர் மேல் இருதார வழக்கும் வரலாம். பழைய போலீஸ் கேஸைவிட இதுதான் எனக்குக் கவலை.

எனவே முதல் மனைவி பதில் தாக்கல் செய்தாரா (எஃப்எல்-120), இரண்டு பேரும் கையெழுத்திட்ட உடன்படிக்கை தீர்ப்போடு இணைக்கப்பட்டிருக்கிறதா, அல்லது ஒருதரப்பாக முடிக்கக் கேட்கும் படிவம் (எஃப்எல்-165) மட்டும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கல்யாணமாகி ஐந்து ஆண்டுக்குள் பிரிந்து, குழந்தையும் இல்லாமல், சொத்தும் கடனும் அதிகம் இல்லாதவர்கள் சேர்ந்தே மனு போடும் சுருக்க முறை ஒன்றும் உண்டு. அதில் தொடக்கத்திலேயே இருவர் கையெழுத்தும் இருக்கும் என்பதால், சம்மதம் இருந்தது என்று காட்டுவது சுலபம்.

இனி அந்தச் "சின்னப் போலீஸ் கேஸ்". கணவன் மனைவி தகராறில் கலிபோர்னியாவில் வழக்கமாகப் போடுவது இரண்டு பிரிவுகள்: தண்டனைச் சட்டம் 273.5, காயம் ஏற்படுத்தியது. 243(இ)(1), காயம் இல்லாமல் அடித்தது அல்லது தள்ளியது. "டிஸ்மிஸ்" என்ற சொல்லை மட்டும் கேட்டுத் திருப்திப்படாதீர்கள். சாட்சியம் போதவில்லை என்று அரசுத் தரப்பு கைவிட்டாலும் டிஸ்மிஸ்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டு, நன்னடத்தைக் காலம் முடித்து, 52 வார வகுப்புக்குப் போய்விட்டு, பிறகு 1203.4 பிரிவில் மனு போட்டுத் தள்ளுபடி வாங்கினாலும் அதே டிஸ்மிஸ்தான். இரண்டாவதில் ஒரு தண்டனைத் தீர்ப்பு இருந்தது. ஹால் ஆஃப் ஜஸ்டிஸில் குற்றச்சாட்டுப் பத்திரத்தையும் ஒவ்வொரு வாய்தாவின் குறிப்பையும் கேட்டால் எது என்று தெரிந்துவிடும். விசாவில் இருப்பவருக்குக் குடும்ப வன்முறைத் தண்டனை நாடு கடத்தவே காரணம் ஆகலாம். உங்கள் பெண் அவரைச் சார்ந்த விசாவில் போகப்போகிறவள், அதனால் அவளையும் இது பாதிக்கும்.

கவுண்டரில் "ஒன்றும் இல்லை" என்று சொன்னால் ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவு கட்டவும் வேண்டாம். கைதாகி, அரசுத் தரப்பு வழக்கே போடாமல் விட்டிருந்தால் கோர்ட்டில் கட்டே இருக்காது. தகுதியுள்ள பழைய வழக்குகளைத் தாமாகவே மறைத்து வைக்கும் சட்டம் இப்போது அங்கே இருக்கிறது. சிறு குற்ற வழக்குக் கட்டுகளைச் சில ஆண்டுகள் கழித்து அழிக்கவும் அனுமதி உண்டு.

குடும்பக் கோர்ட்டிலேயே இன்னொரு வகை வழக்கையும் தேடுங்கள்: ரீஸ்ட்ரைனிங் ஆர்டர், அதாவது நெருங்கவோ தொல்லை கொடுக்கவோ கூடாது என்ற தடை உத்தரவு. போலீஸ் கேஸ் இல்லாமலே மனைவி தனியாக இதைக் கேட்கலாம். முதலில் கிடைக்கும் தற்காலிக உத்தரவு ஒருவர் சொன்னதை மட்டும் கேட்டுக் கொடுப்பது, ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஓடும். இருதரப்பையும் கேட்ட பிறகு வருவது ஐந்து ஆண்டு வரை நிற்கும். தற்காலிக உத்தரவோடு முடிந்த ஒரு வழக்கை வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். அதே போல, அந்தப் பெண் வாய்தாவுக்கு வராததால் தள்ளுபடியானது என்றால் அவர் சொன்னது பொய் என்றும் ஆகாது. அப்புறம் ஒரு வேண்டுகோள்: அந்த மனுவில் முதல் மனைவி எழுதியிருப்பது அவருடைய வாழ்க்கை. படியுங்கள், முடிவெடுங்கள். படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றவிடாதீர்கள்.

மாப்பிள்ளையையே "போலீஸ் ரெக்கார்டு வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். கலிபோர்னியா அரசின் நீதித்துறை (கோர்ட் அல்ல) கைரேகை வைத்துத் தரும் குற்ற வரலாற்றுத் தாளை அவரவர் 25 டாலர் கட்டி வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நகலைக் காட்டு என்று இன்னொருவர் கேட்பதே அந்த மாநிலத்தில் குற்றம் (தண்டனைச் சட்டம் 11125). இந்தியத் துணைத் தூதரகம் தரும் பிசிசியை (போலீஸ் நற்சான்று) காட்டினால் அதையும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அது இந்தியாவில் உள்ள பதிவைச் சொல்வது, சான் ஹோசேவில் நடந்தது அதில் வராது. இந்தியப் பக்கத்தை நீங்களே பாருங்கள். நம் கோர்ட்டுகளின் வழக்கு விவரம் தரும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் நாமக்கல், ஈரோடு, சேலம் என்று மாவட்டம் மாற்றி, கட்சிக்காரர் பெயரும் ஆண்டும் கொடுத்துத் தேடலாம். முதல் மனைவி ஊருக்கு வந்து ஜீவனாம்ச வழக்கோ, அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகாரோ கொடுத்து வழக்கானது என்றால் அங்கே அகப்பட வாய்ப்புண்டு.

கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற அக்காவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் விவாகரத்துத் தீர்ப்பின் நகலைக் கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. கல்யாணத்தை இங்கே பதிவு செய்யும்போது மாப்பிள்ளை எப்படியும் அதைக் காட்ட வேண்டியிருக்கும். "தீர்ப்பு நகலும் வழக்கு எண்ணும் கொடுங்கள், எங்கள் வக்கீல் பதிவுக்காகக் கேட்கிறார்" என்று தாய்மாமன் நீங்கள் சொன்னால் போதும். ஒழுங்காக விவாகரத்து வாங்கியவர் அன்றைக்கே மெயிலில் அனுப்பிவிடுவார். எண் வந்ததும் அதே எண்ணைச் சொல்லிக் கவுண்டரில் சரிபாருங்கள். ஃபோட்டோஷாப் தெரிந்த மாப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். எண்ணைக் கொடுக்க இழுத்தடித்தால் பெயரை வைத்துத் தேட ஆளை அனுப்புங்கள்.

தீர்ப்பு கைக்கு வந்ததும் அதை ஈரோட்டிலோ சேலத்திலோ குடும்ப வழக்கு நடத்தும் ஒரு வக்கீலிடம் கொண்டுபோய், 1991 தீர்ப்பின்படி இது இங்கே செல்லுமா என்று எழுத்தில் கருத்து வாங்குங்கள். செல்லாது என்றால் மாப்பிள்ளையும் முதல் மனைவியும் சேர்ந்து இங்கே பரஸ்பர சம்மத விவாகரத்து மனு போடலாம், அதற்கு அவர்கள் சம்மதித்து முடிக்கும் வரை காத்திருங்கள். இந்த ஆவணத்தை இந்திய அதிகாரிகளிடம் காட்ட வேண்டியிருந்தால் சான்று நகலின் மேல் கலிபோர்னியா மாநிலச் செயலர் அலுவலகத்தின் அப்போஸ்டில் முத்திரையும் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதி சொல்வது) வேண்டும். சான்று நகல் வாங்கும்போதே அப்போஸ்டிலுக்காக என்று கிளார்க்கிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள். நிச்சயதார்த்தத் தேதியை வக்கீலின் கருத்து வந்த பிறகு குறித்துக்கொள்ளலாம்.